தம்பியின் பத்தியம்

பால் கேட்டு அழுத பிள்ளையின் கையில் வெந்த கேரட் துண்டைத் திணித்தாள் அம்மா. அவன் வீசி எறிந்தான். அவள் குனிந்து எடுத்து, கழுவி, மறுபடியும் அவன் கையிலேயே வைத்தாள்.

"பால்" என்றான் பையன்.

"ஒரு வாய் கொடுத்தா குறைஞ்சா போயிடுவே?" என்றார் அப்பா, சாப்பிட்டுக்கொண்டே. "டாக்டரே நிச்சயம் இல்லைங்கறார். நீ ஏன் அவன் வயித்துல அடிக்கறே?"

"வேற என்ன செய்யட்டும்? நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

அப்பா கை கழுவ எழுந்து போனார்.

நாலு வயதாகியும் பேச்சே வராமல் இருந்த பிள்ளை. காதில் குறையில்லை, நாக்கில் குறையில்லை. "சில பிள்ளைங்களுக்குப் பாலும் கோதுமையும் மூளையோட ரசாயனத்தைக் குழப்பிப் பேச்சைத் தடுக்குதோன்னு ஒரு சந்தேகம் இருக்கும்மா. நிரூபணம் ஒண்ணும் இல்லை" என்று இழுத்திருந்தார் டாக்டர். அதில் பின்பாதி அம்மாவின் காதில் ஏறவே இல்லை. மூத்தவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவதைத் தவிர, அந்த இரண்டையும் யாரும் தொடக் கூடாது என்று அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டாள்.

பத்தியம் வீண்போகவில்லை. முதலில் 'பால்' வந்தது. அப்புறம் 'ரொட்டி', 'பிஸ்கட்'.

"கொடுக்கக் கூடாததா பார்த்துக் கேக்கறான், திருட்டுப் பயல்" என்று சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இத்தனையும் கேட்கிறவனுக்கு 'அம்மா' மட்டும் வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பிள்ளையின் அழுகையைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள். அது வராமலே போய்விடுமோ என்பதுதான் அவள் பயம்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மூத்தவள், வழக்கம்போல் வாசலிலேயே ஆரம்பித்தாள். "பசிக்குதும்மா. சோறு போடு."

"டப்பா நிறையக் கொடுத்தனுப்பறேன். எங்கேதான் போகுதோ, ராட்சசி" என்று அலுத்துக்கொண்டே தட்டில் போட்டுக் கொடுத்தாள். சாப்பிட்ட கையோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தம்பியை விளையாட அறைக்குள் கூட்டிப்போனாள் மகள். கதவு சாத்திக்கொண்டது.

அம்மா நாளைக்கான கேரட்டைச் சீவ உட்கார்ந்தாள். பாதியில் உள்ளேயிருந்து, திக்கித் திணறி, ஆனாலும் தெளிவாக வந்தது.

"அம்...மா."

கையிலிருந்த கத்தி நழுவியது. டாக்டர் சந்தேகம் என்றாரே, அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் இந்தப் பிள்ளையை. இனி ஆயுசுக்கும் இந்த வீட்டில் பாலுக்கும் ரொட்டிக்கும் இடமில்லை என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

கதவில் கை வைத்தபோது, உள்ளே மகள் ரகசியக் குரலில் பேசுவது கேட்டது.

"சமத்து, இந்தா பிஸ்கட். இனிமே 'அப்பா' சொன்னாத்தான் ரொட்டி."