தானாக வரட்டும்

"வந்திருக்கறவங்க பேரை எழுதிக்கறேன். குழந்தை ஷாஹிந்தா, மூணு வயசு. அம்மா நெர்மின். தாய்மாமன் வஜ்தி. பொறுப்பாளர் நான், இன்ஸாஃப். அப்புறம் நீங்க. சரியா டாக்டர்?"

"சரி, மேடம்," என்றார் டாக்டர் ரிஃபத்.

குழந்தைகளின் சுபாவத்தை ஆராய்வதுதான் அவர் தொழில். புது முகத்தைக் கண்டால் மிரளும் குழந்தைகளை, இந்தக் கெய்ரோவில் மட்டும் நானூறு பேரைப் பார்த்தவர். அப்போதெல்லாம் ஒருநாளும் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. இன்று பார்த்தார். மூன்று மணிக்குள் இவள் அவரிடம் வந்தாக வேண்டும். வராவிட்டால் இன்னொரு சந்திப்பு கிடைப்பது சந்தேகம்.

ஷாஹிந்தா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள். ரிஃபத் தள்ளிப் போய், அவளுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். மரக்கட்டைகளை அடுக்க ஆரம்பித்தார்.

"டாக்டர் பாஷா, வீடு கட்டவா வந்தீங்க?" சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி, பாஷா என்ற பெரிய மனிதர் பட்டத்தைக் கேலியாக இழுத்துச் சிரித்தான் வஜ்தி. "எனக்கும் ஒரு மாடி போடுங்க."

"நீ சும்மா இரு," என்றாள் நெர்மின்.

இன்ஸாஃப் குனிந்து கிசுகிசுத்தாள். "பேர் சொல்லிக் கூப்பிடுங்களேன்."

"கூப்பிட்டா இன்னும் ஒடுங்கிடுவா. சிரிக்கக் கூடாது, கண்ணைப் பாக்கக் கூடாது. தானா வரட்டும்."

"மணி ரெண்டே முக்கால்."

"தெரியும்."

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. திரும்பத் துடித்த கழுத்தை அடக்கிக்கொண்டார். பின்னால் ஒரு செருப்புச் சத்தம். நின்றது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அவர் தோளுக்கு மேலாக ஒரு சின்னக் கை நீண்டு, உச்சியில் ஒரு கட்டையை வைத்தது. கழுத்தில் மூச்சுக்காற்று பட்டது.

அவர் அசையவில்லை.

"மணி மூணு," என்று இன்ஸாஃப் எழுந்தாள். வஜ்தி குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு நடந்தான். நெர்மினும் போய்விட்டாள்.

"வந்தா, பாத்தீங்கல்ல?" ரிஃபத் தரையிலிருந்து எழுந்தார்.

"கட்டையை வைக்க வந்தா. பாத்ததைத்தான் நான் எழுத முடியும், டாக்டர். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

காகிதத்தை வாங்கிப் படித்தார்.

'ஒன்றரை ஆண்டுக்குப் பின் மகளைப் பார்க்க அனுமதி பெற்று வந்த தந்தை, அவளை ஒருமுறைகூட அழைக்கவில்லை, தொடவில்லை, நேரம் முழுதும் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். இனி அனுமதி வேண்டாம் என நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கிறேன்.'

அவர் வாசலைத் தாண்டியதும் இன்ஸாஃப் கதவைச் சாத்திப் பூட்டினாள்.