கழிக்க ஆளில்லாத ஓட்டு

ஓட்டுச்சீட்டைப் பெட்டிக்குள் போட்ட பிறகுதான் ரகுபதிக்குச் செய்த காரியம் உறைத்தது.

முப்பத்தைந்து வருடமாக ஒரே கட்சி. மழையில் நனைந்துகொண்டு கூட்டம் கேட்டது, கோப்பிக்கடையில் தொண்டை கட்டுகிற அளவுக்கு வாதாடியது, எல்லாமே அந்தக் கட்சிக்காகத்தான். இன்றைக்குக் காலையில் மார்சிலிங் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஓட்டுச்சாவடி வரிசையில் நின்று, மறைப்புக்குள் போய், அடுத்த கட்சியின் கட்டத்தில் எக்ஸ் குத்திவிட்டு வந்துவிட்டார்.

கோப்பிக்கடையில் முகமது யூசுப் காத்திருந்தார். இருபது வருடம் ஒரே டிப்போவில் இரண்டு பேரும் பஸ் ஓட்டியவர்கள்.

"என்னா ரகு, நம்ம ஆளுக்குக் குத்திட்டு வந்துட்டியா?"

"ம்."

"என்ன ம்? இந்தத் தடவ இழுபறி லா. நூறு ஓட்டு, எரநூறு ஓட்டுலயே முடிஞ்சிடும்ங்கிறாங்க."

ரகுபதி கோப்பியைத் தள்ளி வைத்தார்.

"நாலாவது மாடி தனசேகரன் கட்சி தாவிட்டானாம், தெரியுமா? கடைசி நேரத்துல காலை வாரி விடுறவனையெல்லாம் மனுஷனாவே சேக்கக் கூடாது."

ரகுபதி எழுந்துவிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போகணும் பாய். பாப்பாத்தி காத்துக்கிட்டிருப்பா."

யூசுப்பின் குரல் இறங்கியது. "திங்கக்கிழமதானே ஆப்பரேஷன்? தைரியமா இரு. நான் துஆ செய்றேன்." பிறகு, நண்பனைச் சிரிக்க வைக்க நினைத்தாரோ என்னவோ, கண்ணடித்தார். "தங்கச்சியால இந்தத் தடவ ஓட்டுப் போட முடியல. ஒரு வகையில நமக்கு லாபம்தான் லா!"

ரகுபதிக்குச் சிரிப்பு வரவில்லை.

மனைவி பாப்பாத்தி அவருக்கு நேர் எதிர்க் கட்சி. சாப்பாட்டு மேசையில் அவர் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். லிஃப்ட் நின்றாலும், பஸ் கட்டணம் ஏறினாலும் பேச்சை அரசியலில்தான் கொண்டுவந்து நிறுத்துவாள். ஓட்டுக்கு முதல்நாள் பிரசாரம் கூடாது என்று சட்டம் இருக்கிறதே, அந்த ஒருநாள் மட்டும் அவர்கள் வீட்டிலும் சமாதானம். மறுநாள் சேர்ந்தே போய் ஓட்டுப் போடுவார்கள். திரும்பி வரும்போது, "உங்க ஓட்ட என் ஓட்டு கழிச்சிருச்சு. வீட்டுலயே இருந்து தோசை சுட்டிருக்கலாம்" என்பாள்.

அரசியலை விட்டால் வீட்டில் ரகுபதி பேசுகிற ஆளே இல்லை. "டிரைவர்கிட்ட பேசாதீங்கன்னு பஸ்ல ஒரு போர்டு இருக்குமே, அதைக் கழட்டிக் கையோட வீட்டுக்குக் கொண்டாந்துட்டீங்க" என்று அவள் இடித்துக்கொண்டே இருப்பாள்.

புதன்கிழமை அவளுக்கு நெஞ்சுவலி வந்தது. நேற்று, குழாய்களுக்கு நடுவே படுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "இந்தத் தடவ உங்களுக்குக் கொண்டாட்டம். கழிக்க ஆளில்ல."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்குத் தூக்கம் போய்விட்டது. எதிராளி கீழே விழுந்து கிடக்கும்போது கோல் போட்டு ஜெயிப்பதும் ஒரு ஜெயிப்பா? திங்கட்கிழமை அவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், கடைசித் தேர்தலில் அவள் குரலே இல்லாமல் போய்விடுமே.

அதனால்தான் அவளுக்காகக் குத்தினார்.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்சி நூறு ஓட்டில் தோற்றால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு ஓட்டில் தோற்றால்? யூசுப் முகத்தில் எப்படி முழிப்பது? அடுத்த தேர்தல் வரைக்கும் இந்த உறுத்தலோடு எப்படிச் சோறு இறங்கும்? வாயைவிட்டுப் போன சொல்லையாவது மன்னிப்புக் கேட்டு மறக்கடிக்கலாம். பெட்டிக்குள் போன சீட்டை என்ன செய்ய?

பாப்பாத்தி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட்டியா?"

"கஞ்சி குடுத்தாங்க. உப்புமில்ல, உறைப்புமில்ல. ஓட்டுப் போட்டாச்சா?"

"ஆச்சு."

"அப்புறம் ஏன் மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு? எதையோ மறைக்கிறீங்க. டாக்டர் ஏதும் சொன்னாரா?"

அவள் முகத்தில் பயத்தைப் பார்த்ததும் அவரால் தாங்க முடியவில்லை.

"அதெல்லாம் இல்ல பாப்பா. நான்... உன் ஆளுக்குப் போட்டுட்டேன்."

"என்னது?"

"உன் ஓட்டு வீணாப் போகக் கூடாதுன்னு தோணுச்சு. உனக்குப் பதிலா நான் போட்டேன். செஞ்சது சரியா தப்பான்னு தெரியல. காலையிலேருந்து உள்ளுக்குள்ள ஒரே ஒதறல்."

பாப்பாத்தி அவரையே பார்த்தாள். கண் நிறைந்தது. அடுத்த நொடி, ஊசி குத்தியிருந்த கையை மறந்து நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அடக் கிறுக்கு மனுஷா! கெடுத்தீங்களே காரியத்த! நீங்க பேசிப் பேசியே என் மனசு எப்பவோ மாறிப் போச்சு. மூணு தேர்தலா நான் உங்க கட்சிக்குத்தான் போடுறேன்!"

ரகுபதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"போன வாரம்கூட மல்லுக்கு நின்னியேடி! சாப்பிட்ட தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போனியே!"

"ஆமா, போனேன்."

"அப்ப எதுக்கு அத்தனை சண்டை?"

பாப்பாத்தி குனிந்து போர்வை ஓரத்தை நீவிவிட்டாள்.

"நானும் உங்க கட்சின்னு சொல்லியிருந்தா, என்கிட்ட பேச உங்களுக்கு வேற என்னங்க இருந்திருக்கும்?"