புறங்கைச் சூடு

புறங்கையைக் கழுத்தில் வைத்தே காய்ச்சலைச் சொல்லிவிடுவாள் செல்வராணி. வீட்டுத் தெர்மாமீட்டர் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. அன்று காலை மகள் மெர்லினைத் தொட்டதும் கை சுட்டது. "இன்னைக்கு ஸ்கூலுக்குப் போகாண்டாம்" என்றாள். சட்டை மாட்டிக்கொண்டிருந்த கணவன் ஜெபராஜைத் தொட்டாள், அவனும் கொதித்தான். "எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்?" என்றான். பால் ஊற்ற வந்த பெண்ணின் மணிக்கட்டையும் அவள் விடவில்லை. அதுவும் சுட்டது. ஊருக்கே ஒரே நாளில் காய்ச்சல் வருமா என்று ஆச்சரியமாக இருந்தது. ஜெபராஜ் எரிச்சலோடு தெர்மாமீட்டரைப் பிரித்து மகளுக்கு வைத்தான், தனக்கும் வைத்துக்கொண்டான். "பாத்தியா? ரெண்டு பேருக்கும் சரியா இருக்கு. ஒன் கைக்குத்தான் என்னமோ ஆயிட்டு." செல்வராணி புறங்கையைத் தன் கழுத்திலேயே வைத்துப் பார்த்தாள். சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் நிம்மதியாக. மெர்லின் அம்மாவைப் போலவே கையைத் திருப்பி அவள் கழுத்தில் வைத்தாள். வெடுக்கென்று எடுத்து, விறைத்துப்போன விரல்களை யூனிஃபார்மில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "அப்பா, நீங்க அம்மாவக் கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்."