நீர்யானையா, கட்டையா

சாம்பேசி ஆற்றுத் துடுப்புக்காரன் அகபெல்வாவுக்குத் தண்ணீரில் கறுப்பாக எது தெரிந்தாலும் நீர்யானைதான். போன வருடம் ஒரு மேட்டைப் பார்த்து, முன்படகில் போன தம்பி சிதாலியிடம், "கட்டைதான், போ" என்று சொன்னான். அது நீர்யானை. தம்பி திரும்பவில்லை. அன்றிலிருந்து மிதக்கும் பானையையும், தூங்கும் வாத்தையும், ஒருமுறை நீந்திக்கொண்டிருந்த பாதிரியாரையும்கூட அவன் அரை மைல் சுற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

இன்று படகில் அவன் தங்கை நசிலேலே பிரசவ வலியோடு படுத்திருந்தாள். ஆஸ்பத்திரி அக்கரையில். நடு ஆற்றில் கறுப்பாக ஒரு மேடு.

"சுத்திப் போயிடலாம்மா."

"சுத்துனா சாயங்காலம் ஆயிடும். உன் மருமகன் இங்கயே பொறந்து, அவனே துடுப்பு போட்டுக் கரை சேத்துடுவான். அது கட்டைண்ணே, நேரா போ!"

"அன்னிக்கும் கட்டைன்னுதான் நெனச்சேன்."

"அதுக்காக இந்த ஆத்துல ஒரு கட்டைகூடவா இல்லாமப் போச்சு?"

அடுத்த வலிக்கு அவள் போட்ட அலறலில் கரைக் கொக்குகளெல்லாம் பக்கத்து நாட்டுக்குப் பறந்துவிட்டன. அகபெல்வா துடுப்பால் படகின் விளிம்பில் மூன்று முறை தட்டினான். தட்டினால் நீர்யானை தலையைத் தூக்கும், கட்டை சும்மா கிடக்கும். போன வருடத்து நீர்யானை மட்டும் தூக்கவில்லை.

இந்த மேடும் தலை தூக்கவில்லை. சும்மாவும் கிடக்கவில்லை. அதன் அடியிலிருந்து, மரத்தில் துடுப்பு தட்டும் சத்தம் மூன்று முறை வந்தது, முன்படகிலிருந்து சிதாலி பதிலுக்குத் தட்டுவானே, அதே மாதிரி. பிறகு அது ஓட்டத்துக்கு எதிராக மெல்ல நகர்ந்து, படகு போகுமளவு வழி விட்டது.

அகபெல்வா நேராகவே துடுப்புப் போட்டான்.

"பாத்தியா," என்றாள் நசிலேலே, கண்ணை மூடியபடியே. "கட்டைன்னு சொன்னேன்ல?"