பிரிக்காத பக்கங்கள்

விக்டோரியா ராணி காலத்தில் லண்டனில் அச்சான கவிதைப் புத்தகம் ஒன்று, கப்பலேறி வந்து ஒரு ஜமீன்தாரின் அலமாரியில் அமர்ந்தது. அட்டையெல்லாம் தங்க எழுத்து. பக்கத்தில் கிடந்ததோ சென்னைச் சந்தையில் விற்ற மலிவுப் பாட்டுப் புத்தகம். மேலெல்லாம் எண்ணெய்க் கறை, வெற்றிலைக் கறை.

"என்மேல் ஒரு கைரேகை உண்டா, பார்!" என்றது லண்டன் புத்தகம்.

"இல்லைதான் அண்ணே. சரி, ஒரு பாட்டு எடுத்து விடுங்க, கேட்போம்," என்றது சென்னைப் புத்தகம்.

லண்டன் தொண்டையைச் செருமியது. ஒரு வரிகூட வரவில்லை. அந்தக் காலத்தில் சில புத்தகங்களின் பக்க ஓரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கும். வாங்கியவர்தான் கத்தியால் அறுத்துப் பிரிக்க வேண்டும். ஜமீன்தார் பிரிக்கவே இல்லை. தனக்குள் என்ன பாட்டு இருக்கிறதென்று லண்டனுக்கே தெரியாது. அதற்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த வழியாகப் போன, புத்தகம் அரிக்கும் ராமபாணப் பூச்சி ஒன்று நின்றது. "ஓரத்தை நான் கடித்துப் பிரிக்கட்டுமா?"

"ஐயோ, என் அழகு போய்விடுமே!"

"அழகா, பாட்டா? சீக்கிரம் சொல்லு, எனக்குப் பசிக்குது."

லண்டன் மூச்சைப் பிடித்துக்கொண்டது. "கடி."

பூச்சி கொறிக்கக் கொறிக்க ஓரம் பிரிந்தது. உள்ளேயிருந்து ஒரு மழைப் பாட்டு துள்ளிக்கொண்டு வந்தது. சென்னை தாளம் போட்டது. தன் குரலை முதன்முதலாகக் கேட்ட லண்டன், "இது நானா? நானேதானா?" என்று அலமாரி அதிரச் சிரித்தது.

பூச்சி முகத்தைச் சுளித்தது. "தாளில் ருசியே இல்லை. எனக்கு அட்டைப் பசைதான் பிடிக்கும்."

"அட்டையைப் பூராவும் தின்னுக்கோ ராசா," என்றது லண்டன். "முதல்ல அடுத்த பக்கத்தைப் பிரி!"