இறக்காத கேமரா

"யோவ் போட்டோக்காரரே! எங்க வீட்டைக் கடல் இழுத்துட்டுப் போவுது. ஒனக்குப் போட்டோ கேக்குதா?"

கடலூர் ரோட்டில் மறியலுக்கு உட்கார்ந்திருந்த அன்புசெல்வி கத்தினாள். கரையில் கல் கொட்டச் சொல்லி, மீனவர் குடும்பங்கள் காலையிலிருந்து ரோட்டை விட்டு நகரவில்லை. எதிரே லத்தியோடு போலீஸ்.

பத்திரிகை போட்டோகிராபர் இளம்பரிதி கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் நின்றான். மற்ற பத்திரிகைக்காரர்களெல்லாம் மந்திரி விழாவுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். இவன் மட்டும் போகவில்லை. மதியம் ஒரே ஒரு தடவை கேமராவை இறக்கி என்னவோ நோண்டினான். உடனே மறுபடியும் கண்ணுக்குக் கொண்டு போய், இன்ஸ்பெக்டர் காசிலிங்கத்தையே குறி வைத்து நின்றான்.

"வெக்கங்கெட்ட பொழப்பு!" என்றாள் அன்புசெல்வி.

சாயங்காலம் பெரிய அதிகாரி ஒருவர் வந்து வாக்குக் கொடுத்த பிறகுதான் கூட்டம் கலைந்தது. நல்லவேளை, யார் மேலும் ஒரு அடி விழவில்லை.

மறுநாள் எடிட்டர் நெடுமாறன் எரிந்து விழுந்தார்.

"இருக்கிற படமெல்லாம் காலையில எடுத்தது. சாயங்காலம் வரைக்கும் அங்க நின்னு என்னதான்யா எடுத்த?"

"ஒண்ணும் எடுக்கல சார். மதியமே பேட்டரி செத்துப் போச்சு. இன்னொண்ணு வீட்ல சார்ஜர்லயே கெடக்குது."

"போன்லயாவது எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே?"

"போனை எடுக்கணும்னா கேமராவை இறக்கணும் சார். அங்க இருந்த பிரஸ் கேமரா அது ஒண்ணுதான். அதை இறக்குனா லத்தி ஏறியிருக்கும். முன்வரிசை பூரா பொம்பளைங்க, கைக்குழந்தைங்க."

நெடுமாறன் அந்தக் காலைப் படங்களை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். பிறகு, "இன்னொரு தடவை இப்படி வெறுங்கையோட வந்தா வேலைய மறந்துடு" என்றார்.

வெளியே டீக்கடையில் காசிலிங்கம், சாதாரண உடையில். இளம்பரிதிக்குத் திக்கென்றது. விஷயம் இவருக்குத் தெரிந்தால், அடுத்த மறியலில் தன் கேமராவுக்கு யார் பயப்படுவார்கள்?

"போட்டோவெல்லாம் நல்லா வந்துச்சா தம்பி?"

"ம்... வந்துச்சு சார்."

காசிலிங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து நீட்டினார்.

"நேத்து மதியம் இதைக் கழட்டித் தேச்சுத் தேச்சுப் பாத்தீங்களே, அப்ப கீழ போட்டுட்டீங்க."

பைக்குள் போட்டதாகத்தான் இளம்பரிதி நினைத்திருந்தான்.

"அப்ப... மதியத்திலேருந்தே தெரியுமா சார்? அப்புறம் ஏன்..."

"அடிச்சுக் கலைன்னு மேலேருந்து போன் மேல போன். 'பிரஸ் கேமரா எங்களையே பாத்துக்கிட்டு இருக்கு சார், இப்ப வேணாம் சார்'னு சாயங்காலம் வரைக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிச்சுப் போச்சு தம்பி!"