கோள் மறைந்த பின்

இரும்பு இஞ்ச் டேப்பை வெட்டி, பிவிசி குழாயில் பூட்டி, தேவசகாயம் தன் ஹாம் ரேடியோவுக்குத் தானே செய்த ஆன்டெனா அன்றுதான் முதல்முறையாக வேலை செய்தது. மொட்டைமாடியில் நின்று அதைச் செயற்கைக்கோளை நோக்கி நீட்டிப் பேசினார். அவர் குரலே வானத்துக்குப் போய் ஹெட்போனுக்குத் திரும்பி வந்தது. பத்து நிமிடத்தில் கோள் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. மைக்கை அணைத்தார். குரல் நிற்கவில்லை. அதுவும் அவர் பேசாத பேச்சு: “சீலி, காப்பியில சீனி பத்தல.”

எங்கிருந்து வருகிறதென்று ஆன்டெனாவை மெல்லத் திருப்பினார். வானத்தில் எந்தப் பக்கமும் வெறும் இரைச்சல்தான். கீழே தாழ்த்தத் தாழ்த்தக் குரல் தெளிந்தது. மாடிப்படிக் கதவுக்கு நேராகப் பிடித்தபோது காதோரம் பேசுவதுபோல் கேட்டது.

ஹெட்போனைக் கழற்றினார். கீழே சமையலறையில் அவர் மனைவி பாக்கியசீலி பதறுவது மாடிவரை கேட்டது. “என்னங்க, மாடில யாரோ நடக்குற மாதிரி இருக்கு.”

“நீ இங்கயே இரு. நான் போய்ப் பாத்துட்டு வாரேன்” என்றது கீழிருந்து அவர் குரல்.

தேவசகாயம் வெறுங்காலோடு அசையாமல் நின்றார். கீழே அவர் கழற்றிப் போட்டிருந்த செருப்பின் சத்தம் ஒவ்வொரு படியாக ஏறி வந்தது.